சம்மட்டியால் கழற்றும் புரொப்பலர் நடுக்கடலில்தான் கணக்குக் கேட்கும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஆழ்கடலுக்குப் போன படகு இயந்திரக் கோளாறால் திரும்பவில்லை, அந்தமான் பக்கம் இழுபட்டுப் போனது, வேறு படகுக்காரர் கட்டி இழுத்து வந்தார்கள் என்ற மாதிரிச் செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. இப்படி நிற்கும் எல்லாப் படகிலும் என்ஜின் பழுது என்று சொல்ல முடியாது. சில படகில் என்ஜின் நன்றாகவே ஓடும், கியரும் விழும், ஆனால் படகு அசையாது. பின்னால் புரொப்பலர் கழன்று கடலடிக்குப் போயிருக்கும், அல்லது புரொப்பலரைச் சுழற்றும் ஷாஃப்ட், அதன் கடைசியில் கூம்பு தொடங்கும் இடத்தில் முறிந்திருக்கும். இது கடலில் திடீரென்று வந்த சோதனை இல்லை, கரையில் வைத்துப் புரொப்பலரைக் கழற்றியபோதும் திரும்பப் பூட்டியபோதும் நாம் விட்ட பிழையின் பலன். அதைத்தான் விளக்கமாக எழுத வேண்டும் என்று நினைத்தேன், நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனைப் பக்கம் உள்ளே டீசல் என்ஜின் பூட்டிய படகுகளில் வேலை செய்கிறவன். வெளியே தொங்கும் என்ஜின் பூட்டிய சின்ன ஃபைபர் போட் பற்றி இங்கே சொல்லவில்லை, அதன் புரொப்பலரை ஒரு சாவியும் குறடும் இருந்தால் யாரும் கழற்றிப் பூட்டலாம். மூன்றரைத் தொன் படகு தொடங்கி ஐஸ் அறையோடு வாரக்கணக்கில் கடலில் நிற்கும் பலநாள் படகு வரை, நீளமான ஷாஃப்டின் கடைசியில் கனமான வெண்கலப் புரொப்பலர் ஏற்றிய படகுகள்தான் என் பேச்சு. வாழைச்சேனைத் துறைமுகத்தில் நிற்பவை நம்முடைய மாவட்டத்துப் படகுகள் மட்டுமில்லை. சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனைப் பக்கத்துப் படகுகளும் இங்கே வருகின்றன. அம்பாறை மாவட்டத்து ஒலுவில் துறைமுகம் 2013ல் திறக்கப்பட்டது, ஆனால் வாயை மணல் மூடிக்கொண்டதால் அம்பாறைப் படகுக்காரருக்கு அது இருந்தும் இல்லாத கதைதான். மணல் மேட்டில் புரொப்பலர் தட்டினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கார்த்திகை, மார்கழியில் வாடை அடித்துக் கடல் கொந்தளிக்கும்போது படகுகள் கரையில் நிற்கும். தை முடிந்து மாசி, பங்குனியில் கடல் இறங்கும் முன்னர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை முடிய வேண்டும். மெக்கானிக் குறைவு, முதலாளிக்கு அவசரம், கடன்காரன் வாசலில். இந்த அவசரத்தில்தான் புரொப்பலர் வேலை கெடுகிறது.

எப்படிக் கழற்றுகிறார்கள் என்று பாருங்கள். நட்டை முழுசாகக் கழற்றி எடுத்துவிட்டு, புரொப்பலரின் முன்பக்கத்தில் ஒரு இரும்புக் கட்டையை வைத்து, சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்கள். அசையவில்லை என்றால் இறக்கையின் அடியில் அடி விழும். அதற்கும் மசியவில்லை என்றால் ஷாஃப்டின் நுனியிலேயே ஒருவர் ஓங்கி அடிப்பார். கடைசியில் காஸ் டோர்ச்சைக் கொண்டுவந்து, புரொப்பலரின் நடுவில் ஷாஃப்ட் நுழையும் குடம் சிவக்கும்வரை சூடு காட்டுவார்கள். புரொப்பலர் வரும், அதில் சந்தேகமில்லை. அதோடு வேறு என்னென்ன வந்தது என்பது மூன்றாம் மாதம் தெரியும்.

ஷாஃப்ட் நுனியில் விழும் ஒவ்வொரு அடியும் நேரே முன்னால் ஓடி, ஷாஃப்டையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் கப்ளிங்கிலும் கியர்பொக்ஸுக்குள் இருக்கும் பெயாரிங்கிலும் போய் இறங்குகிறது. புரொப்பலர் தள்ளும் தள்ளலை ஒரே சீராகத் தாங்கச் செய்யப்பட்ட பெயாரிங் அது, சம்மட்டி அடியைத் தாங்கச் செய்யப்பட்டது இல்லை. நுனியில் வெட்டியிருக்கும் மரையும் நசுங்கும், மறுகா நட் ஏறாது, அரத்தால் ராவி ஏற்றுவார்கள், அப்படி ஏற்றிய நட் இறுகியது போலக் காட்டும், ஆனால் இறுகியிருக்காது. இறக்கையில் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். ஒரு இறக்கை கொஞ்சம் வளைந்தாலே போதும், படகு முழுக்க நடுங்கும்.

சூடு காட்டுவது இதைவிட மோசம். வெண்கலத்தைச் சிவக்கச் சுட்டால் அதன் பலம் குறையும். குடத்துக்கு முன்னால் சில அங்குலத்தில் ஷாஃப்டைத் தாங்கும், ரப்பர் வைத்த கட்லஸ் பெயாரிங் இருக்கிறது, அது கருகிப்போகும். அதற்கும் முன்னால் ஃபைபர் உடம்பு. சில புரொப்பலரின் குடத்துக்குள் வெற்றிடம் இருக்கும், அதில் தண்ணீரோ கிரீஸோ அடைபட்டிருந்தால் சூட்டில் ஆவியாகி வெடிப்பது போலப் புரொப்பலரையே பின்னால் எறியும். நட்டையும் கழற்றி வைத்துவிட்டு நேர் பின்னால் குந்தியிருந்து டோர்ச் பிடிப்பவரை நினைத்துப் பாருங்கள். சூடு கட்டாயம் வேண்டுமென்றால் கொதிநீரில் நனைத்த சாக்கைக் குடத்தில் சுற்றி, மேலே மேலே கொதிநீர் ஊற்றலாம். அது போதும். நெருப்பு வேண்டாம்.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான், புரொப்பலரை இழுத்துக் கழற்றும் புல்லர். பெரிய கம்பனிச் சாமான் என்று யாரும் பயப்பட வேண்டாம். தடித்த இரும்புத் தகடு இரண்டு, நல்ல போல்ட் மூன்றோ நான்கோ, ஒரு லேத் பட்டறையில் துளை போட்டுத் தந்தால் முடிந்தது. ஒரு தகடு குடத்தின் முன்பக்கத்தில், ஷாஃப்டைக் கவ்வியபடி உட்காரும். மற்றது ஷாஃப்டின் நுனிக்குப் பின்னால் நிற்கும். போல்ட்டுகளைச் சுற்றுக்கு ஒன்றாக, எல்லாம் சமமாக இறுக்கிக்கொண்டே வந்தால் புரொப்பலர் தானாகப் பின்னுக்கு இழுபடும். நன்றாக இறுகியதும் கொஞ்சம் பொறுத்து, குடத்தின் பக்கவாட்டில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கூம்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் நட் ஷாஃப்டிலேயே இருக்க வேண்டும், இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி விட்டிருக்க வேண்டும். முழுசாகக் கழற்றிவிட்டால், அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த விசையில் புரொப்பலர் துள்ளி வந்து காலில் விழும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பாரம் அது, காலுக்கு என்ன மிஞ்சும்?

நட்டைத் தளர்த்தும்போது ஷாஃப்ட் சுற்றாமல் இருக்க கியரைப் போட்டு விடுவதை நம்ப வேண்டாம், ஒரு பலகைத் துண்டை இறக்கைக்கும் படகின் உடம்புக்கும் நடுவில் மெத்தென்று சாக்கு வைத்து முட்டுக் கொடுங்கள். நட் கழராமல் குத்தும் பழைய ஸ்பிளிட் பின்னை நேராக்கித் திரும்பப் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், ஒரு பிளேன்டீக் காசு.

புரொப்பலர் எதால் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் "கீ" என்பார்கள் (ஷாஃப்டுக்கும் குடத்துக்கும் நடுவில் பள்ளத்தில் போடும் உலோகத் துண்டு), ஒருவர் "நட்" என்பார். இரண்டும் இல்லை. கூம்புதான் பிடிக்கிறது. ஷாஃப்டின் கடைசிப் பகுதி பின்னுக்குப் போகப் போக மெலிந்து போகும், குடத்தின் துளையும் அதே சரிவில் மெலியும். இரண்டும் முழு முகமும் ஒட்டி இறுகும்போது வரும் உராய்வுதான் என்ஜினின் பலத்தை இறக்கைக்குக் கொண்டுபோகிறது. நட்டின் வேலை குடத்தைக் கூம்பில் இறுக்கி வைத்திருப்பது. கீ இரண்டாம் காவல். பெரிய கப்பல்களில் கீ இல்லாமலே கூம்பின் இறுக்கத்தில் மட்டும் ஓடும் புரொப்பலர்கள் இருக்கின்றன.

இது விளங்காததால் என்ன நடக்கிறது? கூம்பு சரியாக ஒட்டாவிட்டால் பாரம் முழுக்கக் கீயில் விழும். முன்னுக்கும் பின்னுக்கும் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் குடம் ஒரு மயிரிழை ஆடும். அந்த ஆட்டத்தில் கீயின் பக்கங்கள் தேயும், கீ உட்காரும் பள்ளத்தின் முன் மூலையில் மெல்லிய வெடிப்புத் தொடங்கும். அந்த வெடிப்பு நாளுக்கு நாள் உள்ளே போய், ஒரு நாள் ஷாஃப்ட் முறியும். முறிந்த ஷாஃப்டைக் கரைக்குக் கொண்டுவந்தால் முகத்தைப் பாருங்கள். கடல் மணலில் அலை வடிந்த கோடு போல ஒன்றன்பின் ஒன்றாக வளைந்த கோடுகள் தெரியும், கடைசியில் ஒரு சின்ன இடம் மட்டும் சொரசொரப்பாக, புதிதாக முறிந்தது போல இருக்கும். அந்தக் கோடுகள் ஒரே நாளில் வந்தவை இல்லை. "இரும்பு சரியில்ல, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்லிப் புது ஷாஃப்ட் வாங்கி, அதே குடத்தை அதே மாதிரி அடித்து ஏற்றினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

நட் தளர்ந்தால் கதை வேறு. முன்னுக்கு ஓடும்போது புரொப்பலரின் தள்ளலே குடத்தைக் கூம்பில் அழுத்தும், ஒன்றும் தெரியாது. பின்கியர் போட்ட உடனே விசை மறுபக்கம் இழுக்கும், குடம் கூம்பை விட்டுவிடும். இறங்குதுறையில் கட்டுவதற்காகப் பின்னால் எடுக்கும்போது புரொப்பலரைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். அதுவாவது பரவாயில்லை, முங்கி எடுக்கலாம். வலையில் இருந்து விலகப் பின்கியர் போடும்போது ஆழ்கடலில் அது நடந்தால்? கப்ளிங் பக்கம் விட்டு ஷாஃப்டே பின்னுக்கு வழுக்கிப் போனால் ஷாஃப்ட் வெளியே போகும் ஸ்டேர்ன் டியூப் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், என்ஜின் அறையில் அதை அடைக்க அளவான மரக்கட்டை எத்தனை படகில் இருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

சரி, கழற்றிய புரொப்பலரை என்ன செய்வது. முதலில் சிப்பியையும் பாசியையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், ஆனால் கிரைண்டரைக் கொண்டு ஓரத்தில் போகாதீர்கள், இறக்கையின் ஓரம் எந்தத் தடிப்பில் எந்த வளைவில் இருக்கிறது என்பதில்தான் அதன் வேலையே இருக்கிறது. சுத்தம் செய்ததும் குடத்தில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 24, 18 என்று இருந்தால் விட்டம் 24 அங்குலம், பிட்ச் 18 அங்குலம், அதாவது வழுக்காமல் திருகினால் ஒரு சுற்றுக்கு 18 அங்குலம் முன்னால் போக வேண்டிய சரிவு. அடுத்த தடவை புதுசு வாங்கும்போது இந்த எண் இல்லாமல் "இதே சைஸில் ஒண்டு தாங்க" என்று கேட்டால், கடையில் இருப்பதைத் தருவார்கள். பிட்ச் கூடினதைப் பூட்டினால் என்ஜின் முழுச் சுற்றுக்கு ஏறாது, கறுப்புப் புகை கக்கும், டீசல் குடிக்கும். குறைந்ததைப் பூட்டினால் என்ஜின் அலறும், படகு ஓடாது.

அப்புறம் நிறத்தைப் பாருங்கள். சுரண்டின இடம் மஞ்சளாகப் பளபளத்தால் நல்லது. இளஞ்சிவப்பாக, செம்பு போலத் தெரிந்தால் அந்த உலோகத்தில் இருந்த நாகம், அதாவது துத்தநாகம், கடல்நீரில் கரைந்து போய்விட்டது, மிஞ்சியிருப்பது பஞ்சு போன்ற செம்பு. புரொப்பலரைத் தொங்கவிட்டு ஒவ்வொரு இறக்கையையும் மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். நல்ல இறக்கை கோயில் மணி போல நீளமாக ஒலிக்கும். மந்தமாக, ஓட்டைப் பானை மாதிரிச் சத்தம் வந்தால் எங்கேயோ வெடிப்பு இருக்கிறது, இறக்கையின் அடிப்பகுதியில்தான் முதலில் தேட வேண்டும். நிறம் மாறிப் போனதற்குப் பெரும்பாலும் காரணம் ஷாஃப்டில் கட்டும் நாகத் துண்டைப் போடாமல் விடுவது, அல்லது போட்டுவிட்டு அழகுக்காக அதன் மேலும் பெயின்ற் அடித்துவிடுவது. பெயின்ற் அடித்த நாகம் ஒன்றுக்கும் உதவாது. அது கரையத்தான் வேண்டும், அது கரைந்தால்தான் புரொப்பலர் கரையாது.

இறக்கைகள் மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. சமமான ஒரு மேசையில் அல்லது சீமெந்துத் தரையில் புரொப்பலரைக் குடம் கீழே படக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொரு இறக்கையிலும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் சோக்கால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் இரண்டு ஓரமும் தரையிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கின்றன என்று அளந்து எழுதுங்கள். இரண்டு இறக்கை ஒரே கணக்கும் மூன்றாவது வேறு கணக்கும் காட்டினால், மணலில் தட்டியது அந்த மூன்றாவதுதான். அதை நிமிர்த்துவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். சுத்தியலால் நாமே நிமிர்த்தினால் நுனி நேராகும், பிட்ச் கெடும். உடைந்த நுனிக்குக் கையில் கிடைத்த பித்தளைக் கம்பியால் ஒட்டு வைப்பதும் அப்படித்தான், ஒட்டும் உலோகமும் ஒட்டப்படும் உலோகமும் ஒன்றாக இல்லாவிட்டால் கடல்நீர் அந்த ஒட்டைத் தின்னும்.

பாரம் சமமா என்று பார்ப்பதும் எளிது. துளைக்குள் ஒரு நேரான கம்பியை இறுக்கமாக மாட்டி, மட்டம் பார்த்து வைத்த இரண்டு இரும்பு ஓரத்தின் மேல் உருள விடுங்கள். எப்போதும் ஒரே இறக்கை கீழே வந்து நின்றால் அதில் பாரம் கூட.

திரும்பப் பூட்டுவதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, இங்கேதான் எல்லாரும் கைவிடுகிறார்கள். "அண்ணன், நட்டை நல்லா இறுக்கிட்டன், பிறகென்ன?" என்று ஒரு தம்பி போன மாதம் கேட்டார். நட் இறுகியது உண்மைதான். ஆனால் குடம் கூம்பில் உட்காரவில்லை, கீயின் முதுகில் ஏறி நின்றது. கழற்றிப் பார்த்தபோது குடத்தின் பள்ளத்தில் கீயின் மேல்முகம் உரசிய கோடு பளிச்சென்று இருந்தது, கூம்பில் பாதி இடம் துரு மாறாமல் அப்படியே கிடந்தது. அந்த நிலையில் கடலுக்குப் போயிருந்தால் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். ஷாஃப்டின் கூம்பையும் குடத்தின் துளையையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பிசிறு ஏதும் இருந்தால் மெல்லிய அரத்தால் எடுத்துவிட்டு, முதலில் கீ இல்லாமலே புரொப்பலரை ஏற்றுங்கள். கையால் நன்றாகத் தள்ளி, குடத்தின் முன்விளிம்பு ஷாஃப்டில் எங்கே வந்து நிற்கிறதோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. கழற்றுங்கள். இப்போது கீயைப் போட்டுத் திரும்ப ஏற்றுங்கள். குடம் அதே கோட்டுக்கு வந்தால் சரி. கோட்டுக்கு வராமல் பின்னாலேயே நின்றால் கீ உயரம், அல்லது கீ முன்னால் நகர்ந்து பள்ளத்தின் சரிவில் ஏறியிருக்கிறது. கீயின் மேல்முகத்தை ராவுங்கள், பக்கங்களைத் தொடாதீர்கள். கீ பள்ளத்தின் இரண்டு பக்கமும் ஒட்டி நிற்க வேண்டும், மேலே மட்டும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். ஒரு பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் கேட்கும் வேலை இது, கால்மணி நேரம் கூடப் பிடிக்காது. இந்த ஒன்றை எல்லாரும் செய்தாலே பாதித் தொல்லை குறையும் என்று நான் நம்புகிறேன்.

கூம்பு எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்க்க நீல மை இருக்கிறது, லேத் பட்டறைக்காரர் எல்லாருக்கும் தெரியும். கூம்பில் மெல்லியதாகத் தடவி, கீ இல்லாமல் ஏற்றி எடுத்தால் எங்கெல்லாம் தொட்டதோ அங்கெல்லாம் துளைக்குள் நீலம் ஒட்டியிருக்கும். சுற்றிவரப் பரவலாக, முக்கியமாகப் பெரிய முனைப் பக்கம் நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். ஒரு வளையமாக மட்டும் ஒட்டியிருந்தால் வால்வு தேய்க்கும் மெல்லிய பேஸ்ற்றைத் தடவி, புரொப்பலரை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித் தேய்த்து இரண்டையும் ஒட்டவைக்க வேண்டும். தேய்த்த பிறகு பேஸ்ற்றைத் துளிகூட மிச்சம் வைக்காமல் கழுவ வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் பின்முனையில் மட்டும் தொடுகிறது, முன்னால் ஆடுகிறது என்றால் அது தேய்த்துத் தீரும் பிரச்சினை இல்லை, சரிவே வேறு. 1க்கு 10 (பத்து அங்குல நீளத்துக்கு விட்டம் ஒரு அங்குலம் மெலியும்), 1க்கு 12, 1க்கு 16 என்று பல சரிவில் ஷாஃப்ட் வருகிறது. பழைய படகு உடைத்த இடத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய புரொப்பலர் உங்கள் ஷாஃப்டின் சரிவுக்குப் பொருந்தாவிட்டால் அது உங்களுக்கு இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கூம்பில் கிரீஸை அப்பி ஏற்றுவதும் வேண்டாம். தடித்த கிரீஸ் நடுவில் அடைபட்டால் குடம் முழுசாக உட்காராது, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். நட் இரண்டு இருந்தால் மெல்லியதை முதலில் பூட்டி இறுக்கி, அதன் மேல் தடித்ததைப் பூட்டுங்கள், ஏனென்றால் இரண்டாவதை இறுக்கும்போது பாரம் அதற்குத்தான் மாறும், பாரம் தாங்குவது பல மரை உள்ள தடித்த நட்டாக இருக்க வேண்டும். நம்முடைய பக்கத்தில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் பூட்டியிருக்கிறார்கள். கடைசியில் புது ஸ்பிளிட் பின், அதன் கால்களை நன்றாக மடக்கி விட வேண்டும், நீட்டிக்கொண்டு நின்றால் வலை நூல் அதில்தான் மாட்டும். முதல் பயணம் போய் வந்ததும் ஒரு தடவை நட்டைப் பார்த்துவிடுங்கள், ஓட்டத்தில் குடம் இன்னும் கொஞ்சம் முன்னால் உட்கார்ந்திருந்தால் நட் தளர்ந்திருக்கும்.

என்ஜினுக்கும் ஷாஃப்டுக்கும் நேர் பார்ப்பதைப் படகு கரையேறி மேட்டில் இருக்கும்போது செய்து பயனில்லை. தண்ணீரில் இறங்கியதும் படகின் உடம்பு கொஞ்சம் வளையும். ஒரு நாள் மிதக்க விட்டு, கப்ளிங் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டு மேல், கீழ், இடம், வலம் பாருங்கள். நாலு அங்குலக் கப்ளிங் என்றால் நாலு தவ்வுக்கு மேல் (ஒரு தவ்வு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசம் வரக்கூடாது.

கடலில் நிற்கும் படகிலேயே முங்கிப் புரொப்பலர் கழற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏற்றுமேடைக்கு வரிசையில் நிற்கவும் காசு கட்டவும் முடியாமல்தான் செய்கிறீர்கள், விளங்குகிறது. ஆனால் பற்றரிச் சுவிட்சை அணைத்து, என்ஜின் சாவியைக் கழற்றி முங்குகிறவரின் கையிலேயே கொடுத்துவிடுங்கள், படகில் இருக்கும் ஒருவர் தெரியாமல் ஸ்டார்ட் போட்டால் கீழே இருப்பவர் இல்லை. புரொப்பலரைக் கயிற்றால் மேலே கட்டிய பிறகுதான் புல்லரில் கையை வையுங்கள். அலை ஏறி இறங்கும் நேரத்தில் படகின் அடிக்குக் கீழே தலையைக் கொண்டுபோக வேண்டாம். தண்ணீருக்குள் கூம்பை ஒட்டவைத்துப் பார்க்க முடியாது, எனவே அப்படிப் பூட்டிய புரொப்பலர் தற்காலிகம் என்று வைத்துக்கொண்டு முதல் வசதியில் மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

இப்போது நான் கேட்பது என்ன. ஒரு தனி முதலாளிக்குப் புல்லர், நீல மை, ஃபீலர் கேஜ் எல்லாம் வாங்கி வைப்பது கஷ்டமாக இருக்கலாம், வருடத்தில் ஒரு தடவை தேவைப்படும் சாமான். ஆனால் ஒவ்வொரு இறங்குதுறையிலும் மீனவர் சங்கம் இருக்கிறது. வாழைச்சேனை, கல்குடா, கல்முனை, சாய்ந்தமருது என்று ஒவ்வொரு சங்கமும் இரண்டு மூன்று அளவில் புல்லர் செய்து வைத்து, கையெழுத்து வாங்கி இரவல் கொடுக்கலாம். வாடகை கூட வாங்கலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். உள்ளூர் லேத் பட்டறைகளே செய்து தரும், கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

மற்றது பயிற்சி. மட்டக்களப்பில் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது. அங்கே நீண்ட பாடநெறி படிக்க நம்முடைய படகு வேலைக்காரருக்கு நேரமும் இல்லை, பலருக்குச் சான்றிதழும் இல்லை. வாடைக்காலத்தில் எல்லாரும் சும்மா இருக்கும் நேரம் பார்த்து, துறைமுகத்துக்கே வந்து, ஒரு உண்மையான படகில், ஒரு உண்மையான புரொப்பலரைக் கழற்றிப் பூட்டிக் காட்டும் ஓரிரு நாள் பயிற்சி வைத்தால் கூட்டம் நிற்க இடமிருக்காது. தமிழில் வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொறுப்பில் உள்ளவர்கள் இதை வாசித்தால் இந்தக் கார்த்திகைக்கு முன்னரே ஒழுங்கு செய்யலாம்.

துறைமுக வாயில் மணல் தோண்டுவது பெரிய காசு, பெரிய இடத்து வேலை, அதற்கு எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், எழுதட்டும். அதுவரைக்கும் படகுகள் மணலில் தட்டத்தான் போகின்றன, புரொப்பலர்கள் கழற்றப்படத்தான் போகின்றன. அடுத்த தடவை உங்கள் படகுக்குப் பக்கத்தில் சம்மட்டியோடு ஒருவர் வந்து குந்தினால், முதலாளிமாரே, "புல்லர் எங்க தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு, பக்கத்துத் துறையில் இரவல் கேட்டு ஆளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
படகு என்ஜின் வேலைக்காரன்,
வாழைச்சேனை.